யாக்கோபின் ஜீப்புக்கு மூன்று கூரைகள்

சிசிலிக்கு ஐம்பத்தெட்டு வயது நிறைய எட்டு மாதம் இருக்கையில் எஸ்டேட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற இரண்டு மாதத்துக்குள், எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். சின்னக்கானலில் முப்பத்தாறு வருஷமாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர் அவர். அவருடைய கணவர் யாக்கோபு எஸ்டேட் வேலைக்காரர் அல்ல. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவர். இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைந்த அந்தப் பழைய ஜீப்பைத் தவிர அவர்கள் பேரில் ஒன்றும் கிடையாது. அந்த மலையில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை.

அந்த வாரமே யாக்கோபு ஒரு புது மாதிரிக் கூரையைப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர்கள் இருவர் தங்கள் பழைய ஜீப்பைச் சாலையோரம் நிறுத்தியிருந்தார்கள். அதன் கூரை பெட்டி மூடிபோல மேலே எழும்பி நின்றது. உள்ளே பார்க்கலாமா என்று கேட்டு ஏறினார். ஜீப்புக்குள் நிமிர்ந்து நின்றார். தலை இடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "சிசிலி, நாம யாருகிட்டயும் போய் நிக்க வேண்டாம். வண்டியிலயே இருந்துக்கிடலாம்."

"ஆனை வந்தா?"

"வண்டிதான? ஓட்டிட்டுப் போயிர வேண்டியதுதான்."

சிசிலி சிரித்துவிட்டார். மகன் ஜோமோன் கோயம்புத்தூரில் இரண்டே அறை உள்ள வாடகை வீட்டில் மனைவி பிள்ளைகளோடு இருந்தான். அங்கே போகக் கூடாது என்பதில் இருவரும் ஒரே மனசாக இருந்தார்கள்.

வாளையார் சோதனைச் சாவடிக்குச் சற்று இப்பால், கோயம்புத்தூர்ப் பக்கம், ஷபீர் என்பவர் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். இந்த மாதிரிக் கூரையும் நாலைந்து வண்டிக்குப் போட்டவர். யாக்கோபு ஒரு பகல் முழுக்க ஓட்டிப் போய் அவர் முன்னால் நின்றார்.

"மூணு விதம் இருக்குதுங்ணா," என்றார் ஷபீர். "மொதலாவது, முன்னால கீலு, பின்னால மட்டும் தூக்கும். டிக்கி மூடிக்கு இருக்கற மாதிரி ரெண்டு கேஸ் தண்டு போதும். ஒத்த ஆள் தூக்கலாம், மழத்தண்ணி வழிஞ்சு ஓடீரும். ஆனா பின்பக்கந்தான் நிமுந்து நிக்க முடியும். ரெண்டாவது, மொத்தக் கூரையும் நேரா எந்திரிக்கும். எங்க வேணா நிக்கலாமுங்க. ஆனா நாலு மூலைல இருக்கற இரும்புக் கையும் ஒண்ணா எழும்போணும். ஒண்ணு இறுகுனாலும் கோணிக்கிட்டு நின்னுரும். நாலு பக்கமும் கித்தான், மலைக்காத்து விடாது. மூணாவதுல கித்தானே இல்ல, மடிச்சு நிறுத்தற பலகை. நனையாது, குளுராது. ஆனா வெயிட்டு. உங்க வண்டி தாங்குமான்னு எனக்கு உறுதியில்லீங்க."

யாக்கோபு மூன்றையும் லயத்து வீட்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தார். சிசிலி வேலை முடிந்து வந்ததும் தினமும் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். சிசிலிக்குப் பலகைதான் பிடித்தது. "கித்தான் நனைஞ்சா ஆடி மாசம் பூரா காயாதுங்க. எனக்கு மூச்சு இழுக்கும்." யாக்கோபு வளைவுகளை நினைத்தார். அத்தனை பாரத்தை மேலே வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் திருப்பினால் வண்டி ஒருக்களித்துவிடும். கடைசியில் முன்கீல் கூரை, பக்கத்துக் கித்தான் மட்டும் இரண்டு அடுக்கு என்று முடிவானது. படுக்கை மேலே, கூரைக்கு அடியில் வரும்; அதனால் மூடியிருந்தாலும் வண்டி முன்னைவிட உயரம்.

வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது ஷபீர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "மொதல்ல ஆர்.டி.ஓ. ஆபீசுல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கீருங்ணா. உசரம் மாறுனா டெஸ்ட்டுல நிறுத்தீருவாங்க."

"வாங்கிட்டேன் தம்பி," என்றார் யாக்கோபு. வாங்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கேட்காமலே இருந்துவிட்டார்.

பழைய டாப்பை வெட்டியெடுத்துப் புதுச் சட்டம் வைத்துப் பற்றவைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. ஜீப் ஊருக்கு வந்தபோது லயமே கூடிப் பார்த்தது. பக்கத்து வீட்டு இன்பமேரி கூரையைத் தானே ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். சிசிலி பின்கதவைப் பிடித்தபடி மேலே போட்டிருந்த படுக்கையை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாருக்கு," என்றார். ஏறவில்லை.

மூன்று வாரம் கழித்து வருஷாந்திர டெஸ்ட் வந்தது. இன்ஸ்பெக்டர் டேப் வைத்து உயரம் அளந்தார், ஆர்.சி. புக்கைப் பார்த்தார், மறுபடி அளந்தார்.

"சேட்டா, இது நடக்கில்லா," என்றார். கோபமே இல்லாத குரல். பழைய டாப்பைத் திரும்பப் பொருத்திக் கொண்டுவரச் சொன்னார். அது பழைய இரும்போடு எப்போதோ போயிருந்தது; புதிதாகக் கட்டக் கையில் காசும் இல்லை. எங்களுக்கு இருக்க வேறு இடமில்லை, அதற்காகத்தான் செய்தேன் என்று யாக்கோபு தெரிந்த மலையாளத்தில் சொன்னார்.

"அப்போ இது வீடாணோ, டாக்ஸியாணோ?"

யாக்கோபு ஆர்.சி. புக்கை வாங்கிக்கொண்டார். டெஸ்ட் ஆகாத வண்டியில் ஆள் ஏற்ற முடியாது. அன்றோடு டிரிப்பும் நின்றது.

வீட்டில் அவர் சாப்பிடாமல் தரையைப் பார்த்தபடி இருந்தார். "நேரா எழும்புறதைப் போட்டிருக்கணுமோ? மூடுனா தாழ்வா இருந்திருக்குமே. பாத்துப் பாத்து இப்படித் தேர்ந்தெடுத்துட்டேனே, சிசிலி."

"எதைப் போட்டிருந்தாலும் என்னால ஏற முடிஞ்சிருக்காதுங்க."

"என்ன சொல்லுத?"

"முட்டி மடங்க மாட்டேங்குது. ரெண்டு வருசமாச்சு. சரிவுல நின்னு நின்னு போயிருச்சு. நீங்க தினம் கோடு போட்டுச் சொல்லயில, உங்க மொகத்தப் பாத்து எனக்குச் சொல்ல வரல."

யாக்கோபு எழுந்து வெளியே போனார். ஜீப்பின் கூரையைத் தூக்கினார், மறுபடி இறக்கினார். அழுதாரா என்று சிசிலிக்குத் தெரியவில்லை.

ஜூலை மழையில் சாவியை ஒப்படைத்தார்கள். ஜீப்பை ஒரு ரிசார்ட்காரர் வாங்கினார். சக்கரங்களைக் கழற்றிக் கல் கட்டி உயர்த்தி, ஏலக்காய்த் தோட்டத்துக்குள் நிறுத்திவிட்டார். வருகிறவர்கள் கூரையைத் தூக்கிவிட்டு அதில் தூங்குகிறார்களாம். இன்பமேரி போனில் சொன்னார்.

இப்போது ஜோமோன் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். யாக்கோபு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளி. கார்களுக்குக் கதவைத் திறந்து விடுகிறார். போன மாதம் ஜோமோன், "அப்பா, லைசென்ஸ் முடியப் போவுது, புதுப்பிச்சிரலாமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்ல," என்றார். தேதி முடிந்துவிட்டது.