நாப்பத்திரண்டா, முப்பத்தாறா

ஸைனுலாப்தீன் காக்கா மோட்டார் சைக்கிள உருட்டிக்கிட்டுத்தான் என்ட றிப்பேர் கடைக்கு வந்தார். செயின் பல்லை விட்டுப் பாயுதாம். பாயாம என்ன செய்யும்? பதினொரு வருசமா கல்முனைக் கடற்கரையில மீன ஏத்தி, மாவடிப்பள்ளி தாண்டி, சம்மாந்துறை தாண்டி, குடியேற்றக் கொலனிப் பக்கம் கொண்டு போய் வித்த ஹொண்டா அது. செக் பொயின்ட் வந்தா இறங்கி உருட்டணும், பெட்டியத் திறந்து காட்டணும். அதுக்குள்ள ஐஸ் பாதி உருகிடும். மனிசனும் தேஞ்சி பெயித்தார், மெசினும் தேஞ்சி பெயித்து.

பின் சில்லைக் கழட்டிப் பார்த்தன். பல்லெல்லாம் சுறாப்பல்லு மாதிரிக் கூராகிக் கிடந்திச்சி.

"காக்கா, முன் பல்லுச் சக்கரம், பின் பல்லுச் சக்கரம், செயின் மூண்டையும் மாத்தணும். பின்னுக்கு வழமையான நாப்பத்திரண்டு பல்லுதானே?"

மனிசன் வாங்குல குந்திக்கிட்டார்.

அந்த நாப்பத்திரண்டு நான் போட்டுக் குடுத்தது. கொம்பனியில இருந்து வாறது முப்பத்தாறு. பின்னுக்குப் பல்லு கூடினா இழுவை கூடும், பாரத்தோட கிறவல் றோட்டுல திணறாது. ஆனா ஓட்டம் வராது. குறைஞ்சா நல்லா ஓடும், பாரம் வெச்சா மூச்சு வாங்கும். ரெண்டையும் ஒண்டா கேக்க ஏலாது.

"சின்ன மகள் நபீலாட கலியாணம் வாற மாசம்" எண்டார். "மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வேணுமாம். புதுசுக்கு நான் எங்க போற? நல்லா ஓடினா இதையே எடுக்கிறம் எண்டுட்டாங்க."

எனக்குப் பத்திக்கிட்டு வந்திச்சி. மூத்த குமர் ரெண்டையும் கரை சேர்த்த மனிசன். ஒருத்திக்குச் சீதனமா வயல், மத்தவளுக்கு வளவு. இருக்கிற வீடு நபீலாக்கு. இவரும் பொஞ்சாதி ஸுல்பிகா ராத்தாவும் வீட்டுக்குப் பின்னால கூரைய நீட்டி ஒரு பத்தி இறக்கி அதுக்குள்ள போகப் போறாங்க.

"வீட்டையும் எடுத்து, உழைக்கிற சாமானையும் எடுக்கிறதா? வெக்கங்கெட்ட மனிசருகள். நீங்க எதில மீன் கொண்டு போற?"

"மிதி சைக்கிள் கிடக்கு. மாவடிப்பள்ளி வரைக்கும் மிதிக்கலாம். ஏசாத, தம்பி. அவன் நல்ல பொடியன். ஊர் கேக்கிறததான் அவனும் கேக்கான்."

"அப்ப நடுவுல முப்பத்தொன்பது போடவா?"

"அது மத்தளம். ரெண்டு பக்கமும் இடி விழும்."

எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்திச்சி. "காக்கா, பேசாம நாப்பத்திரண்டையே போடுவம். புதுப் பல்லு, புதுச் செயின், பார்க்க நல்லாத்தான் இரிக்கும். மாப்பிள்ளை ஓடிப் பார்த்துட்டு, இது மாட்டு வண்டி எண்டு ரெண்டு கிழமையில ஒங்களுக்கிட்டயே தந்திருவான். நீங்க மீன ஏத்துங்க."

அவர் நாப்பத்திரண்டக் கையில எடுத்து மடியில வெச்சிக்கிட்டார். அந்த ஆசை அவர்ர முகத்துல தெரிஞ்சிச்சி. அம்பத்தெட்டு வயசுல மீன் பெட்டியோட மிதிக்கிறது லேசா?

"ஏலாது" எண்டார் கடைசியா. "வாப்பா ஏமாத்திட்டார் எண்டு என்ட புள்ளைக்கு ஆயுசுக்கும் பேச்சு விழும்." பொறகு என்னைப் பார்த்தார். குத்திக் கேக்கல்ல, மெய்யாகவே தெரியாமத்தான் கேட்டார். "நீயும் மாப்பிள்ளையாப் போனவன்தானே சாலிஹ். உனக்கெண்டா எது புடிச்சிரிக்கும்?"

அவர்ர மடியில கிடந்த நாப்பத்திரண்ட எடுத்துத் திருப்பிச் சுவர்ல மாட்டினன்.

"முப்பத்தாறு" எண்டன்.

சின்னப் பல்லுக்குச் செயின் நீளம். கண்ணி வெட்டணும். வெட்டினா அந்தச் செயின் பொறகு நாப்பத்திரண்டுக்கு எட்டாது. அதையும் சொன்னன். "வெட்டு" எண்டார். வெட்டின ரெண்டு கண்ணியும் நிலத்துல விழுந்திச்சி. அவர் குனிஞ்சி எடுத்துச் சேட்டுப் பைக்குள்ள போட்டுக்கிட்டார்.

மீன் பெட்டியில்லாம சும்மா கிடந்த கரியரோட புறப்பட்டார். நான் கையத் துடைச்சிக்கிட்டு வாசலுக்கு வர முந்தி சந்தியத் தாண்டிட்டார். பதினொரு வருசத்துல அந்த மெசின் இப்படி ஓடி நான் பார்த்ததில்ல.

வாசல்ல என்ட றலி சைக்கிள் நிண்டிச்சி. பத்தொன்பது வருசத்துக்கு முந்தி, கலியாணத்துக்கு மாமா, பொஞ்சாதிட வாப்பா, தந்தது. அவர் மருதமுனைக் கைத்தறிச் சாரங்கள மூட்டையாக் கட்டி அதில ஏத்தி ஊர் ஊராக் கொண்டு வித்தவர். டைனமோவும் பூட்டித் தாங்க எண்டு நான் ஆள் விட்டுக் கேட்டதும், அவர் பூட்டித் தந்ததும் நினைவு வந்திச்சி. மாமா மௌத்தாகி ஏழு வருசம்.

பகல் சோத்துக்குப் போன இடத்துல பொஞ்சாதிக்கிட்டக் கேட்டன். "சைக்கிள எனக்குத் தந்த பொறகு மாமா எதில சாரம் கொண்டு போனவர்?"

"நடந்துதான்" எண்டு சொல்லிட்டு அவள் சோறு போட்டாள்.