டிராகனுக்குச் சொன்ன பழுதுகள்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நான்கு பேர் அங்கே உட்கார்ந்து ஒரு டிராகனை எதிர்த்துச் சண்டை போட்டோம். இரண்டாயிரத்து ஆறிலும் ஏழிலுமாக ஏறக்குறைய ஓராண்டு.

அது தாளிலும் வாயிலும் ஆடும் ஆட்டம். ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதை எண் தீர்மானிக்கும். புத்தகத்தில் இருபது முகம் கொண்ட பகடை என்று போட்டிருந்தது. அப்படி ஒன்று எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. இருபது வாஷர்களில் ஒன்றிலிருந்து இருபது வரை எண் அடித்து, ஒரு பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். பெரிய எண் வந்தால் நல்லது.

கதை நடத்தியவர் அருகிலிருந்த ஓர் இரும்பு ஆலையில் பராமரிப்புப் பிரிவு இன்ஜினியர். பள்ளிப்பட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எல்லாரையும் நைனா என்பார். அவருடைய தங்கை கணவர் வெளிநாட்டிலிருந்து அந்த ஆட்டத்தின் புத்தகத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாய் அதை அச்செடுத்துச் சுருள் பைண்டிங் போட்டுக் கொடுத்தார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை அவர். தொண்ணூறு பக்கம் அச்செடுக்கும்போது படிக்காமல் இருக்க முடியவில்லை, அதனால் சேர்ந்துகொண்டேன் என்பார். மூன்றாவது ஆள் அதே ஆலையில் கிரேன் ஓட்டியவன். நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். என்னை எல்லாரும் ரிப்போர்ட்டர் என்றே கூப்பிட்டார்கள்.

கதை இதுதான். நட்சத்திரம் ஒன்று விழுந்து எரிந்த உலகத்தில் ஒரே ஒரு ஊர் மிஞ்சியிருக்கிறது. உப்புக்கழியின் கரையில், புகைபோக்கிகள் சூழ்ந்த ஊர். அங்கிருக்கும் உலைகளின் சூட்டைத் தின்று வளர்கிறது ஒரு டிராகன். அதனிடம் மந்திரம் இருக்கிறது. ஊர்க்காரர்களிடம் மூன்று மாடி உயர நடக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மார்புக்குள்ளும் ஒரு மனிதன் உட்கார்ந்து ஓட்டுவான். புத்தகத்தில் அவற்றுக்கு மெக் என்று பெயர். நாங்கள் வண்டி என்றோம்.

புத்தகத்தில் இல்லாத விதி ஒன்றை இன்ஜினியர் சேர்த்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பழுது இருக்க வேண்டும். அதுவும் ஓட்டுகிறவன் சொந்தமாகக் கையால் தொட்டறிந்த பழுதாக இருக்க வேண்டும். டிராகன் அந்த இடத்தைத்தான் தேடி வரும். கற்பனைப் பழுதை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பாயின் வண்டியில் மழைக்காலத்தில் துப்பாக்கியின் குண்டுப் பட்டை சுருண்டு சிக்கும். அவருடைய ஜெராக்ஸ் மெஷினில் ஈரக் காகிதம் சிக்குவதுதான் அது. என் வண்டி காலையில் கிளம்பாது. நான் ஓட்டிய மொபெட்டும் அப்படித்தான். இந்த விதியால் ஆட்டம் உயிர் பெற்றது என்பதை இன்றும் மறுக்க மாட்டேன். சூடான உலோகத்தின் வாடை அந்த அறைக்குள் உண்மையாகவே வந்தது.

இன்னொரு வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். ஆலையில் ஒரு ஷிப்ட் முடிந்து போகிறவர்கள், அடுத்து வருகிறவர்களுக்காக ஒரு புத்தகத்தில் நடந்ததை எழுதி வைப்பார்கள். எந்த இயந்திரம், என்ன பழுது, என்ன செய்தோம் என்று. அதே மாதிரி எங்கள் ஆட்டத்துக்கும் ஒரு நோட்டு போட்டார். எழுதும் பொறுப்பு எனக்கு.

"அழகா எழுதாத நைனா," என்றார். "நடந்தத நடந்தபடி எழுது. யார் இன்னா சொன்னான்னு அவன் சொன்ன வார்த்தையிலயே இருக்கணும்."

எனக்கு அது பிடித்திருந்தது. நான் தேதி போட்டு எழுதினேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் அவரே ஒரு வரி எழுதி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இந்த அறையில் பேசுவது எதுவும் பத்திரிகைக்குப் போகாது என்று. இரண்டு பேர் ஆலையில் வேலை செய்கிறவர்கள், நான் நிருபன். கேட்டது நியாயம். கையெழுத்துப் போட்டேன்.

கிரேன் ஓட்டியவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேர்வாய் கண்டிகைப் பக்கத்துக் கிராமம். வீட்டில் நெல் நிலம் உண்டு, அண்ணன்கள் பார்த்தார்கள். அவன் ஐந்து ஆண்டுகள் ஒப்பந்தக்காரரின் ஆளாக அந்த ஆலையில் இருந்துவிட்டு, அந்த ஆண்டுதான் கம்பெனியின் சொந்தத் தகுதிகாண் ஆளாக எடுக்கப்பட்டிருந்தான். பொங்கலுக்கு முன் நிரந்தரமாக்கும் கடிதம் வரவேண்டும். அவனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார், கடிதத்தைப் பார்த்தபிறகு தட்டு மாற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பாய் அவனிடம் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

"கடுதாசி வந்துச்சா மாப்ள?"

"வந்தா உங்க கடைக்குத்தான் மொதல்ல எட்த்துனு வருவேன் பாய். பத்து காப்பி போட்ணும்."

"லேமினேஷன் ஃப்ரீ."

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் டிராகன் ஊரின் தெற்கு உலையைச் சுற்றி வளைத்தது. கிரேன்காரனின் வண்டி எதிரே நின்றது. அவனுடைய பழைய பழுது சரியாகிவிட்டதாகக் கதையில் வந்திருந்ததால், புதிதாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

"உன் வண்டிக்கு இன்னா பழுது, சொல்லு," என்றார் இன்ஜினியர்.

"முட்டி வீக்கு அண்ணே."

"யாருக்கு, உனக்கா? நாள் பூரா ஒக்காந்துக்கினு ஓட்றவனுக்கு முட்டி எங்கேர்ந்து வீக்காவும். கத பண்ணாத. கையால தொட்டதச் சொல்லு."

அவன் சற்று நேரம் டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். "மேல் லிமிட் சுவிட்ச் வேல செய்யல. வயரச் சேத்துக் கட்டி ஓட்டிக்கினு கீறேன். மூணு வாரமா."

"அப்டின்னா?" என்றார் பாய்.

"கொக்கி மேல ஏறிக்கினே போவும்ல பாய். ஒரு எடத்துல தானா நிக்கணும். அதுக்குத்தான் சுவிட்ச். இப்ப நிக்காது. நாமதான் கண்ணால பாத்து நிறுத்தணும்."

இந்த வரிகள் வரை அந்தப் பக்கத்தின் அடியில் எழுதி முடித்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

"ஏன் கட்ன?" என்று கேட்டார் இன்ஜினியர், கதையின் குரலிலேயே.

"நானா கட்னேன்? உங்க ஆளுங்கதான வந்து கட்டிட்டுப் போனாங்க. சாமான் வர்ற வரைக்கும் ஓட்டுப்பான்னு நீங்கதான அண்ணே சொன்னீங்க."

எல்லாரும் சிரித்தோம். இன்ஜினியரும் சிரித்தார். அவன் சொன்னதையும் புதிய பக்கத்தின் முதல் வரியாக எழுதினேன். பிறகு டப்பா குலுங்கியது. மூன்று வந்தது. டிராகன் அவன் வண்டியின் தூக்கிய கையைப் பிடித்து இன்னும் மேலே இழுத்தது. நிற்க வேண்டிய இடத்தில் கை நிற்கவில்லை. தோளோடு பிய்ந்தது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். பாய் அவனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து, கை போனவனுக்கு முதலுதவி என்றார்.

நோட்டை எப்போதும் போல இன்ஜினியர் எடுத்துப் போனார்.

பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை முற்பகலில், அந்த ஆலையில் கிரேனின் கொக்கி நிற்க வேண்டிய உயரத்தைத் தாண்டி மேலே போய் இடித்தது. வடம் அறுந்தது. கொக்கி கீழே நின்ற லாரியின் முன்பக்கத்தில் விழுந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. நான் வாயிலில் நின்று காவலாளியிடம் கேட்டு நான்கு வரிச் செய்தி அனுப்பினேன். வடம் அறுந்து லாரி சேதம், போலீசார் விசாரணை. சுவிட்ச் கட்டப்பட்டிருந்ததும், யார் கட்டச் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். முதல் பக்கத்துக் கையெழுத்தை நினைத்து எழுதவில்லை.

அன்று மாலை கிரேன்காரன் அறைக்கு வந்தான். "தூசி, ரிப்போர்ட்டர். மேல ஒண்ணும் தெரில. கொக்கி எங்க கீதுன்னே தெரில." இன்ஜினியரும் வந்தார். அவன் தோளில் கை வைத்து, "நான் பாத்துக்கறேன் நைனா, நீ யாருகிட்டயும் வாய் தொறக்காத," என்றார். அவன் நம்பினான். நானும் நம்பினேன்.

அடுத்த வாரம் அவனுக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. பாதுகாப்புச் சுவிட்ச் செயலிழந்திருப்பதை அறிந்தும் மேலதிகாரிக்குத் தெரிவிக்காமல் கிரேனை இயக்கியது. ஆதாரம், அவனே சொன்னதாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தின் நகல்.

அவன் கடிதத்தைப் பாயின் கடைக்குத்தான் கொண்டுவந்தான். பாய் அந்த நகலைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தன் மெஷினைப் பார்த்தார்.

"இது இங்க போட்டது," என்றார். "வெள்ளிக்கெழம காலைல நாஷ்டா துன்றதுக்கு முன்ன வந்தாரு. நோட்ட அவரே வெச்சாரு. தேதிய மட்டும் உட்டுட்டு, பக்கத்தோட மேல் பாதிய வெள்ளத்தாளு வெச்சி மறைச்சாரு. இன்னா அண்ணேன்னு கேட்டேன். ஆட்டத்துக்குத்தான்னாரு."

மேல் பாதியில் டிராகன் இருந்தது. உலை, உப்புக்கழி, வண்டிகள் எல்லாம் இருந்தன. நகலில் தேதி இருந்தது, கீழே அவன் சொன்ன வார்த்தைகள் இருந்தன. இரண்டையும் எழுதிய கை என்னுடையது.

விசாரணை ஆலை அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. திருவள்ளூரிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக வரவழைத்திருந்தார்கள். தன் சாட்சியாக என்னைக் கூப்பிடும்படி அவன் கேட்டிருந்தான். "ஆட்டம்னு மட்டும் சொல்லு, போதும்," என்றான் வாசலில். இன்ஜினியர் சுவரோரமாக உட்கார்ந்து ஒரு கோப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

அது ஓர் ஆட்டம் என்று சொன்னேன். இயந்திரங்களும் டிராகனும் சண்டையிடும் கதை என்றேன். வக்கீல் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"இந்த வரி நீங்கள் கற்பனை செய்ததா, இவர் சொன்னதா?"

"இவர் சொன்னது."

"விளையாட்டுக்குச் சொன்ன பழுது பொய்யாக இருக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் இருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் என்னைக் கூட்டி வந்தது அந்த ஒரு சொல்லுக்காக. நான் விதியைச் சொன்னேன். பழுது உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி, அந்த விதியைப் போட்டவர் அதோ உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அவரைச் சிக்கவைக்கிறேன் என்று நினைத்தேன். வக்கீல் முதல் பாதியைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். கட்டச் சொன்னது யார் என்று அதில் இருக்கிறது என்றேன்.

"அந்தப் பக்கம் கோப்பில் இல்லை," என்றார். பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பி நோட்டு எங்கே என்று கேட்டார்.

"பழைய பேப்பரோட போயிருக்கும் சார். வெளையாட்டு நோட்டுதான."

வெளியே வந்ததும் கிரேன்காரன் என்னைத் தாண்டி நடந்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மார்கழி முடிவதற்குள் வேலைநீக்கக் கடிதம் வந்தது. தட்டு மாற்றும் பேச்சை பெண் வீட்டார் அதன்பிறகு எடுக்கவில்லை.

இன்ஜினியரை ஒரு முறை பார்த்தேன். அறையில் கிடந்த தன் விதிப்புத்தகத்தை எடுத்துப்போக வந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆட்டம் வேற, வேல வேற நைனா. அவன் வயசுக்கு வேற வேல கெடைக்கும். எனக்கு ரெண்டு பசங்க."

"அடுத்த பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே."

"அதுல என் பேச்சு கீதே," என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமோ வெட்கமோ இல்லை. எந்த உதிரிபாகம் ஏன் வரவில்லை என்று விளக்குகிற குரல். முதல் பக்கத்தில் என்னிடம் வாங்கிய கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். நீ காப்பாத்தின நைனா, அதுக்கு நன்றி என்றார். படி இறங்கிப் போனார். அந்த விதியை முதலிலேயே இதற்காகத்தான் போட்டாரா என்று பாய் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்றே நினைக்கிறேன். நல்ல ஆட்டத்துக்காகப் போட்டார். பிறகு கைக்கு உதவியது, எடுத்துக்கொண்டார்.

தை மாதத்தில் நான் அந்த அடுத்த பக்கத்தை நினைவிலிருந்து எழுதினேன். யார் என்ன சொன்னார், எந்த வரிசையில் என்று. என் பெயர், கையெழுத்து, கீழே பாயின் கையெழுத்து. தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். பஸ் பிடித்து அவன் கிராமத்துக்குப் போனேன்.

அவன் அண்ணனின் நிலத்தில் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து பழைய பேரிங் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னான். காகிதத்தை வாங்கி முழுவதும் படித்தான்.

"எல்லாம் சரியா கீது," என்றான். "ஒரு வார்த்த மாறல."

கொடுத்துப் பார்க்கலாம் என்றேன்.

"இதையும் நீதான எழுதிக்கீற." காகிதத்தை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தான். "அவன் கெட்டவன்னு எனக்கு இப்ப தெரியும். அதுல ஒண்ணும் பேஜாரு இல்ல, விட்டுட்டேன். உன்ன இன்னா சொல்றதுன்னுதான் தெரில. நீ பொய் சொல்லி இருந்தா நான் இன்னும் வேலைல கீறேன்."

அவன் பேரிங்கைக் காதருகே வைத்துச் சுழற்றிக் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு ரிப்போர்ட்டர். இனிமே நான் பேசறத எழுதாத."

சரி என்றேன்.