ஒன்பது நாள் உறங்கிய சேர்வர்

எங்கள் கடையின் பின்னறையில், அலுமாரிக்கு மேலே, ஒரு பழைய கணினி பல வருடங்களாக இரைந்துகொண்டிருந்தது. அதுதான் எங்கள் மின்னஞ்சல் சேர்வர். கிளிநொச்சியில் நீர்ப்பம்பியும் சொட்டுநீர்க் குழாயும் விற்கிற கடைக்குச் சொந்தமாக ஒரு சேர்வர் எதற்கு என்று மனைவி கேட்டிருக்கிறாள். கோழித்தீன் வாங்க வந்து கடை மாறி நுழைந்த ஒருவர்கூடக் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே மறுமொழிதான்: "எங்கட கடிதம் எங்கட கூரைக்குக் கீழ இருக்கோணும்."

அது என் வசனமல்ல, கூட்டாளியின் வசனம். அவனிடமிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுக்காத பலவற்றில் அதுவும் ஒன்று.

கடையை நாங்கள் இருவருமாகத்தான் தொடங்கினோம். இரண்டு பழுதான கணினிகளைப் பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்து அந்தச் சேர்வரைச் செய்தவன் அவன். நான் டோர்ச் பிடித்தேன், ஒரு திருகாணியைத் தொலைத்தேன். என்னுடைய தொழில்நுட்பப் பங்களிப்பு அவ்வளவுதான். நான்கு விலாசங்கள் போட்டான்: கடைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, எனக்கொன்று, அவனுக்கொன்று.

பிறகு அவனுக்குக் கனடா விசா சரிவந்தது. விமான நிலையம் போகிற வான் வண்டி கடை வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"டேய், ஒண்டும் சொல்லமாட்டியோ?"

அழவேண்டிய இடத்தில் என் வாய் பகிடி விடும். அது என்னுடைய வியாதி.

"கடைச் சாவியைத் தந்திட்டுப் போ" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கோர்வையிலிருந்து சாவியைக் கழற்ற அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. என் கையில் வைத்துவிட்டு ஏறிப் போனான். அவனுக்கும் சேர்த்து நான் சிரித்தேன்.

போன புதிதில் தொலைபேசியில் குறுஞ்செய்திகள் வந்தன. வரவரக் குறைந்தன. கடைசியாக வந்தது இது: "மச்சான், உனக்கு ஆறுதலா ஒரு மெயில் எழுதோணும். இதில எழுதேலாது." அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. நான் அந்த மெயிலுக்காகக் காத்திருந்தேன். காலையில் கடை திறந்ததும் சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பதற்கு முன்னால் மெயிலைத்தான் பார்ப்பேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எங்கள் அலுவலக வேலையைப் பார்க்கிற பிள்ளை, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், பூநகரியிலிருந்து வருகிறவள். அங்கே ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் கனநேரம் நிற்கவேண்டும். அந்த நேரத்தில் என்னைத் திருத்துவது எப்படி என்று யோசிப்பாள் போலிருக்கிறது. கிளவுட்டுக்கு மாறவேண்டும் என்பது அவளுடைய கட்சி. எங்கோ இருக்கும் பெரிய நிறுவனமொன்றின் சேர்வரில் நாங்கள் வாடகைக்கு இடம் எடுப்பது. இடியும் மின்வெட்டும் அங்கே எங்களைத் தேடி வராது. நாங்கள் அனுப்பும் மெயில்கள் குப்பைப் பெட்டிக்குள் போய் விழுகிற சீரழிவும் குறையும்.

"ஊர் பேர் தெரியாதவன்ர வீட்டில எங்கட கடிதத்தைக் கொண்டுபோய் வைக்கிறதோ?" என்றேன்.

"அண்ணை, இடம்பெயரேக்க எங்கட வீட்டில இருந்த படம் முழுக்கப் போட்டுது. கொழும்பில மாமியிட்டைக் குடுத்து வச்ச அம்மான்ர கலியாணப் படம் ஒண்டுதான் இண்டைக்கும் இருக்கு. எங்கட கூரைக்குக் கீழ இருந்ததுகளில ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்."

காட்ட என்னிடமும் ஒன்றுமில்லை. ஆகவே பிளேன்ரீ குடிக்கப் போனேன்.

அந்த வருடம் ஆயுத பூசை வந்தது. கடையிலுள்ள பம்பி, குறடு, தராசு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு ஓய்வு கொடுப்போம். உழைக்கிற இயந்திரத்துக்கு வருடத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். சேர்வரும் உழைக்கிற இயந்திரம்தானே? வருடாவருடம் செய்வதுபோல அதையும் நிறுத்தி, நெற்றி என்று நான் முடிவுசெய்த இடத்தில் பொட்டு வைத்தேன்.

விஜயதசமி முடிந்து சேர்வரைப் போட்டால் யூபிஎஸ் எழும்பவில்லை, பற்றரி செத்திருந்தது. பொறுமையான மனிதன் புதுப் பற்றரி வாங்குவான். நான் நேரே மின்சாரத்தில் கொடுத்தேன். 'டப்' என்றொரு சத்தம். கொஞ்சம் புகை. கொழும்பிலிருந்து பாகம் வந்து பொருத்தியபோது ஒன்பது நாள் கழிந்திருந்தது.

பத்தாம் நாள் ஒரு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. விலைமனு கேட்டு அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டதாம். முடிவுத் திகதியும் கடந்துவிட்டதாம். தங்கச்சி தலையில் கைவைத்தாள்.

"ஒண்டு ரெண்டு நாளெண்டால் அனுப்பின பக்கம் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும் அண்ணை. ஒன்பது நாளெண்டால் திருப்பி அனுப்பிப் போடும். எத்தினை மெயில் அப்பிடிப் போச்சுதோ!"

நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குச் சந்தோசம் வந்தது. மறைக்கவும் தெரியவில்லை.

"அப்ப, அந்த ஒன்பது நாளுக்குள்ள அவன் எழுதியிருக்கலாம்!"

அவள் மெதுவாகத்தான் சொன்னாள்: "திரும்பிப் போனால் எழுதின ஆளுக்குத் தெரியும் அண்ணை. எழுத நினைச்சவர் திரும்பவும் எழுதியிருப்பார்."

"கனடாவில குளிர், தங்கச்சி. விரல் விறைச்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கே விளங்கியது, நான் இத்தனை காலமும் கிளவுட்டை ஏன் எதிர்த்தேன் என்று. இடி விழுந்த ஒவ்வொரு முறையும், மின்சாரம் போன ஒவ்வொரு முறையும், அவன் எழுதினான், எங்களுடைய இயந்திரம்தான் உறங்கிவிட்டது என்று என்னால் நினைக்க முடிந்தது. ஒருபோதும் உறங்காத சேர்வருக்குப் போனால் அந்தச் சாட்டு போய்விடும். மெயில் வரவில்லை என்றால் அவன் எழுதவில்லை என்பதுதான் அர்த்தம். கூரையைப் பற்றிய பெரிய கதையெல்லாம் இந்தச் சின்னப் பயத்துக்குப் போட்ட சட்டை.

அடுத்த மாதம் மாறினோம். கிளவுட்டில் ஒவ்வொரு விலாசத்துக்கும் வாடகை.

"மூண்டோ நாலோ அண்ணை?" என்று கேட்டாள்.

"நாலு."

அவள் வாதாடவில்லை. என்னோடு வாதாடாமல் விட்ட ஒரே நாள் அதுதான்.

பிறகு பின்னறை அமைதியாகிவிட்டது. மெயில் ஒழுங்காக வந்தது. விலைமனு, விளம்பரம், எனக்குப் பரிசு விழுந்ததாகச் சொல்லும் அந்நியர்கள் என்று எல்லாம் வந்தது. அவன் மட்டும் வரவில்லை. மின்சாரத்தையும் குற்றம் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் இப்படியே போனபின் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி கேட்டாள்:

"நீங்கள் அவருக்கு ஒரு மெயில் எழுதினீங்களோ?"

"அவன்தானே எழுதுறன் எண்டவன்?"

"நான் கேட்டது அதில்லை."

அடுத்த ஞாயிறு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓமந்தைக்குப் போனேன். அங்கேதான் அவன் அம்மா இருக்கிறா. இத்தனை வருடம் நான் போகவில்லை. போனால் அவன் ஏன் எழுதவில்லை என்று கேட்கவேண்டி வரும் என்ற பயம். அவா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கொப்பித் தாளில் எழுதியிருந்த அவனுடைய மெயில் விலாசத்தை எடுத்துத் தந்தா. முற்றத்து எலுமிச்சையில் பிடுங்கிய தேசிக்காயும் ஒரு பை நிறையத் தந்தா. நான் வெளிக்கிடும்போது கேட்டா:

"தம்பி, ஏதோ கடைச் சாவி எண்டு அவன் ஒருக்காச் சொன்னவன். எனக்கு விளங்கேல்லை. என்ன அது?"

"அது ஒண்டுமில்லை அம்மா" என்றேன். வழி முழுக்கத் தேசிக்காய் மணந்தது.

அன்றே கடையைத் திறந்து பின்னறையில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி பகிடி, அழித்தேன். இரண்டாவது வரியும் பகிடி. அழிக்க அழிக்க ஒரு பக்கக் கடிதம் மூன்று வரியானது: "சாவி என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு அதைக் கேட்டிருக்கக்கூடாது. இங்கே உன் விலாசத்தை நாங்கள் அழிக்கவில்லை."

அனுப்பிவிட்டுப் பழக்கத்தில் அலுமாரிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தேன். இரைச்சல் இல்லை. ஒரு கிழமை பொறுத்துத் தங்கச்சியிடம் கேட்டேன்.

"திரும்பி வரேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. போய்ச் சேந்திட்டுது."

"நிச்சயமோ?"

"ஓம்." மறுமொழி வந்தால் உடனே தெரியட்டும் என்று மெயிலை என் ஃபோனிலும் வரச்செய்து தந்தாள்.

இந்த வருட ஆயுத பூசைக்கு அந்தப் பழைய கணினியையும் இறக்கித் துடைத்துப் பம்பிகளோடு வைத்தேன். உழைத்து ஓய்ந்ததற்கும் ஒரு பொட்டு வைக்கலாம்தானே. மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து என் சட்டைப் பையைக் காட்டினாள்.

"ஃபோனையும் வையுங்கோவன். அதிலதானே இப்ப உங்கட யாவாரம் முழுக்க நடக்குது."

நான் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

"இதுக்கு மட்டும் லீவில்லை" என்றேன்.