கார் செட்டில் ஒரு குடித்தனம்

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு கார் செட் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவரின் பம்புசெட் பட்டறை நொடித்துப்போய்க் காரை விற்றோம். செட் சும்மா கிடந்தது. அவரும் வீட்டைவிட்டு அதிகம் வெளியே போவதில்லை.

“ஏனுங்க, செட்டை ஊடாக்கி வாடகைக்கு விட்டா என்னங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கார் நின்ன எடத்துல ஆளைக் குடிவெக்கறதா? சொந்தக்காரங்க என்ன நெனைப்பாங்க?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் விடவில்லை. கமுக்கமாக ஒரு சமையல் மேடை கட்டி ஆள் வைக்கவும் எனக்கு மனமில்லை. அடுத்த தெருவில் அனுமதியில்லாமல் கட்டிய அறையை இடிக்கச் சொன்னபோது, குடியிருந்தவர்கள் சட்டிபானையோடு ரோட்டில் நின்றதைப் பார்த்திருந்தேன். ஒரு இன்ஜினியரிடம் வரைபடம் போடச்சொல்லி வாங்கி, மாநகராட்சி அலுவலகத்துக்குத் தனியாகவே போய்க் கொடுத்தேன்.

பார்க்க வந்த அதிகாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “பின்சுவரு காம்பவுண்டோட ஒட்டியிருக்குங்கம்மா. கார் நிக்கறதுக்குச் சரி. மனுசங்க குடியிருக்கோணும்னா எடம் உட்டுத்தான் கட்டோணும்.”

“சுவத்தை இடிச்சு உள்ளே தள்ளிக் கட்டுனா அனுமதி கெடைக்குங்களா?”

“கெடைக்குங்க. வரைபடத்தை மாத்திக் குடுங்க.”

அவர் போனதும், “ரூமே சிறுத்துப்போகுமே அம்மணி” என்றார் கணவர்.

“சிறுத்தா என்னங்க. நாளைக்கு நம்மளை ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாதில்லைங்க?”

மாற்றிய வரைபடத்துக்கு அனுமதி வந்தது. கொத்தனார் சுவரை இடிக்க வந்த காலையில், கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். “அந்தக் கடப்பாறையை இப்படிக் குடுங்க” என்று வாங்கி ஓங்கிக் குத்தினார். மதியம் தலையெல்லாம் செங்கல் தூசியோடு சாப்பிட உட்கார்ந்தவர், “இன்னொரு கரண்டி போடு” என்றார். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஷட்டர் இருந்த இடத்தில் கதவும் ஜன்னலும் வந்தன. ஜன்னல் கம்பிகளை அவரே வெல்டிங் வைத்தார். குளியலறை, கக்கூஸ், தனி கரண்டு மீட்டர் எல்லாம் ஒவ்வொன்றாக அமைந்தன. அதிகாரி மறுபடியும் வந்து அளந்து பார்த்துவிட்டு, “சரியா இருக்குங்கம்மா” என்றார். காபி கொடுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

கிணத்துக்கடவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர், தன் அம்மாவோடு வீடு பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, “முறையா அனுமதி வாங்குனதுங்களா?” என்று தயங்கிக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். “எல்லாம் இருக்குதுங்க, காட்டறேன் வாங்க. எங்க ஊட்டம்மா ஒத்தையா ஆபீசுக்கு நடந்து வாங்குனது.”

அடுத்தவர்களிடம் அவர் என்னைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டீச்சர் வீட்டில் பால் காய்ச்சிய அன்று, எதிர்வீட்டுக்காரர் தன் கார் செட்டையும் பார்த்து யோசனை சொல்லும்படி என் கணவரைக் கூப்பிட்டார்.

“இருங்க, ஊட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வாரேன்” என்றார் அவர். நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.