ஸ்ரௌவ்வில் பரமேஸ்வரி அன்ரியின் கறிவேப்பிலை

செடி வைத்தியத்தில் நோயாளி ஒருநாளும் பொய் சொல்லாது. அதைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்தான் சொல்லுவார்.

கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த சக பாவிகளே, இந்தக் கதையில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. ஒருவர் முழுசாக ஏமாந்து, கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் அதை இப்போது தரமாட்டேன். முதலில் கொஞ்சம் பி.எச்., அதாவது தண்ணீரின் புளிப்பு, காரக் கணக்குப் படிக்க வேண்டும். நான் படித்தேன், நீங்களும் படியுங்கள்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் சிவா அண்ணையின் கடை. வீட்டுக்குள் செடி வளர்க்கிறவர்களுக்கு லைட், சட்டி, சத்துத் தண்ணீர் எல்லாம் விற்கிறோம். நான் கிரேட் லெவன் படிக்கிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே நிற்பேன். அண்ணைக்கு முப்பத்திரண்டு வயது. இலையை ஒருதரம் பார்த்தால், சில நேரம் பார்க்காமல் ரெலிபோனில் கேட்டாலே, வருத்தம் என்னவென்று சொல்லிவிடுவார். என்னுடைய கெட்டித்தனம் வேறு. ஒருவர் மூன்று வசனம் பேசினால் போதும், நாலாவதை அவருடைய குரலில் நான் பேசுவேன். அண்ணையின் இருமலை நான் இருமிக் காட்டினால், அண்ணை தண்ணீர் குடிக்கப் போவார்.

விற்றமின் அங்கிள்

பக்கத்து ஊரான மார்க்கத்திலிருந்து ஒரு அங்கிள் தன் கறிவேப்பிலையைக் குளியல் துவாயால் போர்த்து, கார் முன்சீட்டில் பெல்ற் போட்டுக் கொண்டுவந்தார். இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. ரொறொன்ரோவில் பாதிக் கறிவேப்பிலைகளுக்கு இதே வருத்தம்தான். குழாய்த் தண்ணீரில் காரத்தன்மை கூட. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சோறு மேசையில் இருக்கிறது, வாய் பூட்டிக் கிடக்கிறது. அதற்கு அமிலம் ஒரு சில சொட்டு, அதுவும் அளந்து, தண்ணீரில் விட வேண்டும்.

சட்டியின் அடியால் வடிகிற தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து மூன்று சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். நீலம் என்றால் காரம் கூட. பச்சை நடுத்தரம். மஞ்சள் கொஞ்சம் புளிப்பு, கறிவேப்பிலைக்கு அதுதான் பிடிக்கும். செம்மஞ்சள் என்றால் வேர் எரிகிற புளிப்பு. எங்கள் இருவருக்குள்ளும் இவற்றுக்கு நான் வைத்த பெயர்கள் வேறு: சவர்க்காரத் தண்ணி, வல்லாரைச் சம்பல், பருப்பு, மீன்குழம்பு. கடைக்கு வருகிறவர்களுக்கு முன்னால் அந்தப் பெயர்களை எடுக்கக்கூடாது என்பது அண்ணையின் கட்டளை. அங்கிளிடமும் "நீலம்" என்றுதான் சொன்னார்.

"வேறை ஏதாவது போட்டனீங்களோ?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று அங்கிள் சத்தியம் பண்ணினார். அண்ணை கரண்டியால் மண்ணைக் கிண்ட, சிவப்பும் மஞ்சளுமாய் குளிசைத் துண்டுகள் எழும்பி வந்தன. அங்கிள் கொஞ்சமும் அசையவில்லை: "டொக்டர் எனக்குத் தந்த விற்றமின் தம்பி. எனக்குக் கேட்டது, உதுக்குக் கேக்காதோ?"

தக்காளி

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் மற்றப் பாதி தோல் ஜக்கெற் போட்ட வெள்ளைக்காரப் பெடியள். அவர்கள் எல்லாரும் தக்காளிதான் வளர்க்கிறார்களாம். ஒருநாள் ஒருவன் பேப்பரில் சுற்றிய இலையொன்றைக் கொண்டுவந்து, அக்கம்பக்கம் பார்த்து, கவுண்டரில் விரித்தான். கைவிரல் மாதிரி ஏழு விரல், ஓரமெல்லாம் அரம். பொலிஸ்காரனுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அண்ணை முகத்தில் ஒரு மயிரிழையும் ஆடாமல், "உங்கள் தக்காளிக்குச் சத்து கூடிப்போச்சு, நுனி எரியுது, ஒரு கிழமைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும் விடுங்கள்" என்று இங்கிலீசில் சொல்லி அனுப்பப் பார்த்தார். எங்களுக்கு இலைதான் முக்கியம், பெயர் கேட்கிற பழக்கமில்லை.

பக்கத்தில் சட்டி வாங்க நின்ற ரூஜ் பக்கத்து அன்ரி ஒருவர் கண்ணாடியைப் போட்டு அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகுந்த இரக்கத்தோடு என் தோளைத் தட்டினார்: "பிள்ளை, உவருக்குச் சொல்லு, உது தக்காளி இல்லை. ஆரோ பாவத்தை ஏமாத்திப்போட்டினம். என்னட்டை நல்ல விதை கிடக்கு, வாறகிழமை கொண்டந்து தாறன் எண்டு சொல்லு."

இரண்டு மூடி

சிரிப்பு இன்னும் வரவில்லை, பொறுங்கள். முதலில் என் குற்றம்.

எங்கள் அப்பார்ட்மென்ரில் அம்மாவும் ஒரு கறிவேப்பிலை வைத்திருக்கிறா. என் தோள் உயரம். வேலையால் வந்ததும் சப்பாத்துக் கழட்ட முதல் அதற்குத்தான் சுகம் விசாரிப்பா. தையில் அதன் இலை மஞ்சளாகத் தொடங்கியது. நான் பெரிய டொக்டர் அல்லவா? கடையிலிருந்து ஒரு போத்தல் அமிலம் வாங்கிவந்து, சொட்டு எண்ணப் பஞ்சியில், ஒரு சின்னக் கோப்பைத் தண்ணீரில் இரண்டு மூடி விட்டு ஊற்றினேன். மூன்றாம் நாள் இலையின் ஓரம் கருகியது. ஐந்தாம் நாள் காலையில் தரையெல்லாம் இலை.

சிவா அண்ணைக்குச் சொல்லலாம்தான். ஆனால் அளக்காமல் ஊற்றினான் என்றுதான் எனக்கு முன்னம் நின்ற பெடியனை அவர் அனுப்பினவர். சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் அம்மாவின் மரம் போகும். அம்மா விழுந்த இலைகளைப் பொறுக்கி ரசத்துக்குப் போட்டுக்கொண்டே சொன்னா: "யன்னல் குளிராக்கும். நீ உந்தக் கடையிலை நிக்கிறாய் எண்டுதான் நான் பயப்பிடாமல் இருக்கிறன்."

அன்ரி பிறந்தா

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடத்தால் வந்து, தொண்டையில் ஒரு அறுபது வயதை ஏற்றிக்கொண்டு கடைக்கு ரெலிபோன் எடுத்தேன். எங்கள் மாடி லிப்ரில் வருகிற ஒரு அன்ரியின் மூச்சு, என் கணக்கு ரீச்சரின் இழுவை, அம்மாவின் "கடவுளே". மூன்றையும் குழைத்தால், ஸ்ரௌவ்வில் என்ற தூரத்து ஊரிலிருந்து பரமேஸ்வரி அன்ரி. "தம்பீ, என்ரை கறிவேப்பிலை ஓரமெல்லாம் கருகிச் சாகப்போகுதடா, கடவுளே!" அண்ணை உருகிவிட்டார். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். இங்கேதான் நானும் விற்றமின் அங்கிள் ஆனேன். "பச்சைத் தண்ணி மட்டும் தம்பி, வேறை ஒண்டும் இல்லை."

பொய்யைக் கேட்டால் மருந்தும் பொய்யாகத்தானே வரும்? "அப்ப தண்ணியிலை காரம்தான் அன்ரி, கொஞ்சம் அமிலம் விடுங்கோ" என்றார். ஐயோ! சனிக்கிழமை நான் கடைக்குப் போனால், அண்ணை மூன்று புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார். "காரமெண்டால் ஓரம் கருகாது. எனக்கு எங்கையோ பிழைச்சுப்போச்சு. அன்ரியின்ரை நம்பரையும் வாங்கேல்லை." ஆர் கூப்பிடுகிறதென்று நம்பர் காட்டுகிற பெட்டி ஒன்றை வாங்கினால் என்ன என்று பச்சைப் பிள்ளை முகத்தோடு கேட்டேன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது: "உந்தப் பெட்டி எனக்கு எதுக்கு? ஒருக்கால் குரலைக் கேட்டால் எனக்கு ஆளைத் தெரியும்!"

மீன்குழம்பு

செவ்வாய்க்கிழமை அன்ரி திரும்ப எடுத்தா. அம்மாவின் மரத்தில் அதற்குள் பாதி இலை இல்லை. என் குரல் நடுங்கினது நடிப்பா என்று எனக்கே தெரியாது. "அன்ரி, நீங்கள்தானே! அட்ரஸைச் சொல்லுங்கோ, நான் கடையைப் பூட்டிப்போட்டு வாறன்" என்றார் அண்ணை. பனி கொட்டுகிறது, வேண்டாமென்று மன்றாடினேன். "அப்ப அந்த மூண்டு சொட்டுச் சோதனைப் பெட்டி ஒண்டு ஆரிட்டையும் இருக்கோ?" இருந்தது, என் பள்ளிக்கூடப் பையில். "சட்டிக்கு அடியாலை வாற தண்ணியைப் பிடியுங்கோ. நான் லைனிலை நிக்கிறன்."

ரிசீவரைத் தோளில் இடுக்கி, தண்ணீரைப் பிடித்து, மூன்று சொட்டு விட்டேன். குழாயைப் பார்த்தேன். "என்ன நிறம் அன்ரி?" அறுபது வயது தொண்டையில் பத்திரமாக நின்றது, மூளைதான் கடைக்குப் போய்விட்டது. "மீன்குழம்பு, தம்பி. நல்லா வத்தின மீன்குழம்பு."

கடையில் மின்விசிறி சுற்றுகிறது கேட்டது. பிறகு, "நீங்கள்" எல்லாம் கழன்ற ஒரு குரல்: "எவ்வளவு ஊத்தினனீ?"

"ரெண்டு மூடி" என்றேன், பதினாறு வயதில்.

அண்ணையிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது; இருமலா சிரிப்பா என்று சொல்ல, அந்த இருமலைப் படித்த எனக்கே முடியவில்லை. "இப்பவே நாலு வாளி பச்சைத் தண்ணி விட்டு வடிய விடு." பிறகு மிகவும் மரியாதையாக: "பரமேஸ்வரி அன்ரி, சனிக்கிழமை வேலைக்கு வரேக்கை அந்தச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வாங்கோ. பஸ்ஸிலை குளிர் படாமல் நல்லாப் போர்த்துக்கொண்டு வாங்கோ."

ஆக, செடி பொய் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் மரத்தை ஒரு கிழமைக்குக் கடையில் வைத்துப் பார்க்க அனுமதி கேட்டு வெள்ளிக்கிழமை அம்மாவோடு ரெலிபோனில் பேசிய "சிவா அண்ணை" எவ்வளவு நன்றாக இருமினார் என்பதைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை.