கம்பவுண்டரின் நெற்றி பட்ட தோல்பட்டை

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் படிக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை பென்சில் பிடித்ததெல்லாம் மரத்தில் கோடு போடத்தான். அதனால் வளைய வேண்டிய எழுத்தும் என்னிடம் நேராகப் போய்விடுகிறது. எந்த ரகரம், எந்த ளகரம் என்று கேட்டால் முழிப்பேன். பிழைகளைத் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் என்பதால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் முன்னால் ஒரு தோல்பட்டை கிடக்கிறது. இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம். ஆவாரம்பட்டையில் பதம் போட்ட ஆட்டுத்தோல். நான் அறுத்தபோது வெளிர் மஞ்சளாக இருந்தது, இப்போது சிவந்து கிடக்கிறது. இரண்டு ஓரத்திலும் நான் அடித்த ஆணிகளின் துளைகள் இருக்கின்றன. நடுவில் ஓர் இடம் மட்டும் கறுத்திருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, கத்தியால் நேராகக் கீறிய ஒரு பிளவு. அதை விரலால் அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

ஆம்பூருக்கு ரயிலில் வருகிற வெளியூர்க்காரர்கள் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறுகிற தோலும், வழித்துக் குவித்த சவ்வும், வாய்க்காலில் ஓடுகிற பட்டைத் தண்ணீரும் சேர்ந்த நாற்றம் அது. எனக்கு அதில் அருவருப்பு வந்ததே இல்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் அடுப்பு எரிவது அந்த நாற்றத்தினால்தான். என் வயிற்றைப் புரட்டுவது சம்பங்கித் தைலம். இன்றைக்கும் கடைவீதியில் யாராவது அந்தத் தைலம் தடவிக்கொண்டு உரசிப் போனால், எச்சிலைத் துப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன்.

அந்தத் தைலத்தைத் தடவியவர் கம்பவுண்டர். நான் மரவேலை செய்துகொண்டிருந்த தோல் மண்டியின் முதலாளி, தொழிலாளர்களுக்கும் ஊராருக்குமாக ஒரு வைத்தியசாலை வைத்திருந்தார். அதில் மருந்து கலக்குகிறவர் அவர். குள்ளமான மனிதர். தலைமயிரை எண்ணெயில் முக்கி எடுத்தது போலப் படிய வாரி, நெற்றிவரைக்கும் பளபளவென்று இருப்பார். பேச்சு அதைவிட வழவழப்பு. குழந்தைகளுக்குக் கசப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே கற்கண்டு கொடுப்பார். கிழவிகளை "அம்மா, தாயே" என்றுதான் கூப்பிடுவார். ஊரில் அவரைத் திட்டி ஒரு சொல் நான் கேட்டதில்லை. நானும் அவரை மரியாதையாகத்தான் நினைத்திருந்தேன்.

வேலூரிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு லேடி டாக்டர் வருவதற்கு முதலாளி ஏற்பாடு செய்தார். பெண்களைப் பார்க்கத் தனி அறை வேண்டுமே. முதலாளியின் தாயாரை எல்லோரும் பெரிய பீபி என்போம். அவர் திரைக்குப் பின்னாலிருந்து என்னிடம் பேசினார். "ஆசாரி, எங்க வூட்டுப் பொம்பளைங்க கோஷா, அன்னிய ஆம்பள கண்ணுல பட மாட்டாங்க. அவங்க மட்டும் இல்ல, பட்டை இடிக்கிற பொம்பளையும் பொம்பளதான். ஒரு கண்ணு போற அளவுக்குச் சந்து இருந்தாலும் ஒருத்தியும் வர மாட்டா. புரியுதா?" புரிகிறது என்று தலையாட்டினேன். திரைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தலையாட்டல் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

வைத்தியசாலைக் கூடத்தைச் செங்கல் வைத்துத் தடுத்தால் காற்று வராது என்று, சென்னைப் பட்டணத்துத் துறைமுகத்தில் இறங்கிய சீமைப் பலகைகளை ரயிலில் வரவழைத்தார் முதலாளி. மரக்கூழை அழுத்திச் செய்த பலகைகள். ஆள் உயரத்துக்கு மேலே, அளவு பிசகாமல், ஒன்றைப் போலவே ஒன்று. சட்டம் நிறுத்தி வரிசையாகப் பொருத்தினால் சுவர் நின்றுவிடும். ஒரே நாளில் நின்றும்விட்டது. ஒரு பக்கம் பெண்கள் அறை, மறுபக்கம் கம்பவுண்டரின் மருந்து அறை. முதலாளி தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

தொல்லை கொடுத்தது பலகை அல்ல, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள மூட்டுதான். அதன்மேல் மெல்லிய மரச்சட்டம் வைத்து, இரண்டு பலகையிலும் ஆணி அடித்து மூடினேன். குளிர் தேசத்தில் செய்த பலகைக்கு எங்கள் ஊர் வெயில் தெரியாது. அக்கினி நட்சத்திரத்தில் அது சுருங்கியது. ஆணி இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க, சட்டம் நடுவில் பிளந்தது. ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்தேன். மறுபக்கம் விளிம்பு தூக்கிக்கொண்டது. மாவுப் பசை தடவித் துணி ஒட்டினேன். கரப்பான் பூச்சி பசையோடு துணியையும் தின்றது. பலகை சுருங்கும்போதும் உப்பும்போதும் கூடவே போகிற ஒரு பொருள் வேண்டும். அது மண்டியில் காலுக்குக் கீழேயே கிடந்தது. ஆட்டுத்தோலைப் பட்டையாக அறுத்து, நடுவில் கொஞ்சம் தொய்வு விட்டு, இரண்டு ஓரமும் குட்டை ஆணி அடித்தேன். பலகை எப்படி அசைந்தாலும் தோல் கொடுத்து வாங்கியது. பெண்கள் அறைக்குள் ஆண் வேலையாள் திரும்பத் திரும்பப் போக வேண்டாம் என்று பீபி சொல்லிவிட்டதால், பட்டைகளை மருந்து அறைப் பக்கத்திலேயே அடித்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பீபி வந்து சோதித்தார். மருந்து அறையில் பெட்ரோமாக்ஸை ஏற்றி வைக்கச் சொல்லி, மறுபக்கம் இருட்டில் நின்று பார்த்தார். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. "சபாஷ் ஆசாரி" என்று சுவருக்கு அந்தப்புறத்திலிருந்து குரல் வந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றவர் கம்பவுண்டர். "நல்ல காரியம் செஞ்சீங்க ஆசாரி. பொம்பளைங்க மானம் பெரிசு இல்லையா" என்றார்.

என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப் போயிருந்தன. மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். இதுவும் போனால் அவளை அவள் மாமியார் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நான்தான் அவளை அந்த லேடி டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தம் கம்மி, வாராவாரம் வந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில வாரம் போனாள். பிறகு ஒரு நாள், முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே அங்க போவ மாட்டேண்ணா" என்றாள்.

"ஏம்மா? டாக்டரம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அவங்க தங்கமானவங்க. அந்தச் சொவரு நல்லா இல்ல."

"சொவத்துக்கு இன்னா?"

அவள் அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்கினாள். "படுத்தா சம்பங்கி வாசன வருது. மூஞ்சிகிட்டயே ஆரோ மூச்சு வுடற மாதிரி இருக்குது. எங்கூட வர்ற பொண்ணுங்களும் சொல்லுதுங்க. ரெண்டு பேரு நின்னுட்டாங்க."

தோல் நாற்றம் பிடித்த ஊரில் சம்பங்கி வாசனை யாருடையது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கம்பவுண்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மருந்து அறைக்குப் போனேன். சுவர் முழுக்கப் பட்டைகள் மஞ்சளாக, நான் அடித்தபடியே இருந்தன. ஒரே ஒரு பட்டையில், என் மார்பு உயரத்தில், கறுத்த வட்டம். ஆவாரம்பட்டைத் தோலைப் பற்றி எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் குடித்துக் கறுத்துவிடும், பிறகு எதற்கும் போகாது. மண்டியில் எண்ணெய்க் கையோடு சரக்கைத் தொட்டவனுக்கு அடி விழும். வெளியூரிலிருந்து வந்த கம்பவுண்டருக்கு மருந்துதான் தெரியும், தோல் தெரியாது. குனிந்து மோந்து பார்த்தேன். சம்பங்கி. அதற்குக் கீழே, மாத்திரை நறுக்குகிற சின்னக் கத்தியால் கீறிய கீறல், மூட்டுக்கு நேராக. நான் தொய்வு விட்டிருந்த இடம் கீறலை நன்றாக மூடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் பட்ட கறை அல்ல அது. திரும்பத் திரும்ப, ஆற அமர, நெற்றியைச் சாய்த்து வைத்து ஊறிய கறை. வெளியே போய் வாந்தி எடுத்தேன். என் தங்கை ரத்தமில்லாமல் படுத்துக் கிடந்தது, மற்றப் பெண்கள் வலியில் கிடந்தது, இதையெல்லாம் ஒருவன் நெற்றியில் எண்ணெய் வழிய வழிய நின்று பார்த்திருக்கிறான்.

பட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் திரும்பி வந்துவிட்டார். ஒரு கணம் நின்றார். பிறகு எப்போதும் போலச் சிரித்தார். "இன்னா ஆசாரி, ரிப்பேரா?"

பட்டையை நீட்டினேன்.

"எண்ணெ எங்க வேணா படும் ஆசாரி. இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கிறீங்களே" என்று சொல்லி, என் தோளைத் தட்டினார். அந்தச் சட்டையை வீட்டுக்குப் போனதும் அடுப்பில் போட்டேன்.

பட்டையை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தோல்காரர். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டைவிரலால் கறையைத் தடவினார், மோந்தார், பிளவை அமுக்கித் திறந்தார். அவர் முகம் வெளுத்தது. "ஆசாரி, இது வெளிய போச்சுன்னா அந்த ரூமுக்கு ஒரு பொம்பள வர மாட்டா. லேடி டாக்டர் வர்றதே நின்னுடும். உன் தங்கச்சியும்தான். யோசிச்சுப் பாரு." பட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "மூடிடு."

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. நல்லதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த ஆளையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, தேக்கில் மருந்து அலமாரி செய்து, முதுகுப் பலகையோடு திருகாணி போட்டு இறுக்கினேன். நான் திருகிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கம்பவுண்டர் யோசனை சொன்னார். "மேல் தட்டைக் கொஞ்சம் எறக்கி அடிங்க ஆசாரி, எனக்கு எட்டாது." இறக்கித்தான் அடித்தேன். அதன்பிறகு அவர் இருபது பேருக்கு முன்னால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நம்ம ஆசாரி" என்பார்.

தங்கையிடம், "மருந்து பாட்டில் ஒண்ணு ஒழுகியிருக்குதும்மா. சொவத்தை முழுசா அடைச்சிட்டேன், தைரியமாப் போ" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். பிள்ளை உயிரோடு பிறந்தது. கம்பவுண்டர் கற்கண்டு வாங்கி எல்லோருக்கும் கொடுத்து, "நம்ம ஆஸ்பத்திரிப் புள்ள" என்று தூக்க வந்தார். தங்கை பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "தூங்குது" என்றாள். பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தது.

போன மாதம் கம்பவுண்டர் செத்துப் போனார். கடைகளை அடைத்தார்கள். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்களெல்லாம், ஊர்ப் பெண்களுக்கு அண்ணனாக இருந்தவர் என்றார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய படத்தை வைத்தியசாலையில் மாட்ட முடிவாயிற்று. சட்டம் போட முதலாளி என்னிடமே அனுப்பினார். படத்தை மேசைமேல் வைத்தேன். தலைமயிர் பளபளவென்று படிந்திருந்தது. நெற்றியும்தான்.

தங்கை சோறு கொண்டுவந்தவள் படத்தைப் பார்த்தாள். பிறகு தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "கண்ணாடி போடாதண்ணா. அந்தக் கண்ணுக்கு முன்னால பலகை வெச்சு மூடு. அன்னிக்கு எங்கிட்ட மறைச்சு மூடுன, இந்தத் தடவையாச்சும் அந்தாளு கண்ணை மறைச்சு மூடு."

மருந்து பாட்டில் கதையை அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்துப் பத்து வருஷமாக நான் மூடி வைத்திருந்தேன். அவளும் எனக்காக மூடி வைத்திருந்தாள்.

படத்தை அப்படியே காகிதத்தில் சுற்றி முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தேன். "என்னால ஆவாது, வேற ஆளப் பாருங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வேறு ஆசாரி சட்டம் போட்டான். படம் இப்போது வைத்தியசாலை வாசலில், உள்ளே போகிற பெண்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு தொங்குகிறது. வெள்ளிக்கிழமை மாலை போடுகிறார்கள். சம்பங்கி மாலை.

இந்தப் பட்டையை எனக்குப் பிறகு யாராவது குப்பை என்று நினைத்துச் செருப்புக்கு வார் அறுத்துவிடுவார்கள். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. இதோ, தோல் முழுக்கச் சிவந்துவிட்டது. அந்த நெற்றி பட்ட இடம் மட்டும் அப்படியே கறுப்பாக இருக்கிறது.

வெகுதானிய வருஷம், ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.