குழியில் ஊறிய தண்ணீர்

நான் கல்யாணமாகி ஆரணிக்கு வந்தபோது எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த ஆற்றில் வெறும் மணல்தான். அதில் துணி உலர்த்துவோம். சாயங்காலம் பெண்களெல்லாம் போய் உட்கார்ந்து பேசுவோம். ஜவ்வாது மலையில் மழை வலுத்தால் ஓரிரண்டு நாள் கணுக்கால் நனையத் தண்ணீர் ஓடும். குழந்தைகள் கூட்டமாக வேடிக்கை பார்க்க ஓடுவார்கள்.

அந்தத் தெருவுக்குத்தான் என் அண்ணன் வெள்ள இன்சூரன்ஸ் விற்க வந்தான். எங்கள் சொந்த ஊரான கண்ணமங்கலத்தில் எந்த வேலையும் நிலைக்காமல், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு ஏஜெண்டாகியிருந்தான். சைக்கிளில் வந்து, வேட்டியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினான்.

"ஆத்துல காக்கா குளிக்கக்கூட தண்ணி இல்ல. இன்னா வெள்ளம் வரப்போவுது?" என்று சிரித்தார்கள்.

மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவன் முகம் வாடிக் கிடந்தது. என் மாமியார் சோறு போட்டார். அவன் தலைநிமிராமல் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தப் பேப்பரக் கொண்டா தம்பி. எங்க கையெழுத்து போடணும்?" என்றார்.

"வேணாம் அத்தை, எனக்காகச் செய்யாதீங்க."

"உனக்காக இல்லாம? ஆத்துக்காகவா போடறேன்?"

வீட்டுக்கும் தறிக்கும் சேர்த்து அப்படித்தான் பாலிசி எடுத்தோம்.

எங்களுடையது குழித்தறி. வீட்டுக்குள்ளேயே தரையில் குழி வெட்டி, விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதித்து நெய்வது. அடுத்த வருஷக் கார்த்திகையில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை, என் கணவர் தறியில் இறங்கியவர் உடனே காலைத் தூக்கிக்கொண்டார்.

"அம்மா, குழியில தண்ணி ஊறிகினு கீது."

தெருவில் அப்போது சாதாரண மழைத்தண்ணீர்தான். மாமியார் எட்டிப் பார்த்தார். குழியின் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. நானும் அவரும் சொம்பால் மொண்டு ஊற்றினோம். மொள்ள மொள்ள ஊறியது. மிதிபலகைகள் மூழ்கின. சற்று நேரத்தில் வெளியே ஒரே கூச்சல். ஆறு கரையேறிவிட்டது.

தறியில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்காகப் பாதி நெய்த முகூர்த்தப் புடவை இருந்தது, அரக்கு நிறம். கணவர் பதறாமல் கட்டுகளை அவிழ்த்து, நெய்ததையும் நெய்யாத பாவு இழைகளையும், அவை கோத்திருந்த அச்சோடு சேர்த்துத் தூக்கினார். அதை மடிக்கக் கூடாது. இழைகள் சிக்கிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. எதிர்வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். வரிசையாக நின்று தலைக்கு மேல் பிடித்துக்கொண்டோம்.

"ஜல்தி, ஜல்தி! சரிகை நனையப் போவுது!" என்று மாமியார் முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனார். மேலே யாரோ ஜமுக்காளத்தைப் பிடித்தபடி வந்தார்கள். தொடையளவு தண்ணீரில் அந்தப் பட்டு, சாமி ஊர்வலம் போவதுபோல் தெருக்கோடி மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

தண்ணீர் வடியும்வரை அந்த மாடியில்தான் இருந்தோம். ஏழெட்டுக் குடும்பங்கள், ஒரே அடுப்பு. அவரவர் வீட்டிலிருந்து தப்பித்த அரிசி, பருப்பு, புளி எல்லாம் ஒரே பானைக்குள் போனது. அந்தக் குழம்பின் ருசி பிறகு எந்தக் குழம்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதுவரை என்னை 'கண்ணமங்கலத்துப் பொண்ணு' என்றே கூப்பிட்டவர்கள் அங்கேதான் என்னை முறை சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள். இழப்பு எல்லாருக்கும் இருந்தது. இருந்தாலும் இன்று நினைத்தால் முதலில் காதில் விழுவது அந்த மாடியின் சிரிப்புச் சத்தம்தான்.

அண்ணன் பஸ் ஓடாத சாலையில், தண்ணீர் நின்ற இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். எங்கள் வீட்டுப் பின்சுவர் விழுந்திருந்தது. தறியின் அடிமரங்கள் ஊறி வளைந்துவிட்டன. அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழியில் இறங்கிச் சேற்றை வாரினான். "கவலப்படாதீங்க அத்தை. இதுக்குத்தான் பாலிசி" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு பெருமிதத்தை நான் கேட்டதே இல்லை.

வேலூரிலிருந்து சேதம் பார்க்கும் அதிகாரி வந்தார். சுவரைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "தண்ணி எப்படிங்கம்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

வெள்ளக் கதையைச் சொல்ல ஆள் கிடைத்தால் மாமியாருக்குத் தனி உற்சாகம். "ஆறு பொறவுதாங்க வந்திச்சு. மொதல்ல குழியிலதான் ஊறிச்சு. கீழேர்ந்து குமிழி குமிழியா! மொண்டு ஊத்தி ஊத்திக் கையே போச்சுங்க."

அண்ணனின் முகம் செத்துப்போனது. அதிகாரி எழுதுவதை நிறுத்தினார்.

"ஆறு பொங்கி வந்த தண்ணிக்குத்தாங்க பாலிசி. பூமியிலேர்ந்து ஊறினதுக்கு இல்ல. சுவருக்குக் கிடைக்கும், தறிக்குக் கிடைக்காது."

"தண்ணிக்கு மேல கீழன்னு எதுனா தெரியுமாங்க?" என்றார் மாமியார்.

அதிகாரிக்கே சிரிப்பு வந்தது. ஆனால் முடிவு மாறவில்லை.

அதிகாரி போனபிறகு அண்ணன் மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டான். "நான் சரியாப் படிச்சிப் பார்க்கல அத்தை. உங்கள ஏமாத்திட்டேன்."

மாமியார் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "உண்மையச் சொன்னதும் நான்தான், கையெழுத்து போட்டதும் நான்தான். எழுந்திரு, கை கால் கழுவு. சுவருக்கு வருதில்ல? அதுவே பெருசு."

வந்த பணத்தில் சுவர் எழும்பியது. தறிக்கு என் கழுத்துச் சங்கிலி போனது. இம்முறை கணவர் தரையில் குழி வெட்டவில்லை. கூடத்தில் மேடை கட்டி, அதற்குள்ளேயே கால் வைக்கும் பள்ளத்தை அமைத்தார். அண்ணன் நாள்தோறும் வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தான். புடவை கல்யாணத்துக்கு முன்பே நெய்து முடிந்தது.

அதன்பிறகு அண்ணன் யாரிடம் போனாலும், எதெதற்குக் கிடைக்காது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினான். "இப்படிச் சொன்னா எவன் எடுப்பான்?" என்று என் கணவர் கேலி செய்வார். ஆனால் எங்கள் தெருவில் பாதிப்பேர் எடுத்தார்கள். சந்தேகம் இருந்தவர்களை எங்கள் வீட்டுக்கே அழைத்து வருவான். மாமியார் காப்பி போட்டுக் கொடுத்து, குமிழி வந்த இடத்தைக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் அவர் கதையில் ஆறு இன்னும் கொஞ்சம் உயரமாக வரும். அண்ணன் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.